தொட்டால் தீருமா நோய்?



சென்ற ஆண்டின் கடைசி மழை மாதத்தில் நம் மலையில் நடந்த ஒரு சம்பவத்தை இவ்விதழில் எழுதாமல் விட நமக்கு மனம் ஒப்பவில்லை. எழுதினால் குற்றத்தில் ஒரு பங்கு நம்மையே வந்து சேரும். சேரட்டும்.

கீழே பட்டணத்திலிருந்து ஒருவர் வந்தார். நோயாளியின் உடல்மீது கையை வைத்தும், சில வேளை வைக்காமல் சற்று மேலே பிடித்தும், பிரபஞ்ச சக்தியை உள்ளே செலுத்திப் பிணி தீர்ப்பதாகச் சொன்னார். மூட்டுவலி முதல் நீரிழிவு, ஆஸ்துமா வரை ஒரு நீண்ட பட்டியலை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். நம் சங்க மண்டபத்தை அவருக்கு வாடகையின்றிக் கொடுத்தோம். அவருடைய துண்டுப்பிரசுரத்தை நம் அறிவிப்புப் பலகையில் நாமே ஒட்டினோம். முதல் நாள் இலவசம். மறுநாள் முதல் கட்டணம். ஓர் அமர்வுக்கு அவர் வாங்கிய தொகை, கொழுந்து பறிக்கும் ஒருவரின் இரண்டு நாள் கூலி.

போனவர்களில் ஒருவர், தோட்டத்தில் எல்லோரும் 'உம்மா' என்றே அழைக்கும் ஒரு மூதாட்டி. பல்லாண்டுகள் தேயிலைக் காட்டில் கூடை சுமந்தவர். கணவர் மௌத்தாகி ஓராண்டுகூட நிறையவில்லை. பழைய இழுப்பு நோய் அதன் பிறகு அதிகமாயிற்று. நான்கு அமர்வுகள் போனார். நெஞ்சு லேசாயிற்று, இரவில் தூக்கம் வந்தது. 'பம்ப்' என்று நம் மக்கள் சொல்லும் மூச்சு மருந்தை அலமாரியில் வைத்துவிட்டார். மூன்றாவது வாரம், மழையும் பனியும் மலையை மூடியிருந்த ஓர் இரவில், இழுப்பு வந்தது. உதடு நீலம் பாரித்த நிலையில் அவரைத் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வல்ல நாயனின் கிருபையால் உயிர் தப்பினார்.

பார்க்கப் போனோம். மூச்சுக் குழாயோடு படுத்திருந்த அவர், நாம் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்:

"தம்பி, எல்லாரும் அவரைப் பொய்க்காரர்னு சொல்றீங்க. ஆனா அவர் கை வச்சப்போ எனக்குச் சுகமாத்தானே இருந்துச்சு? அது பொய்யா?"

நமக்கு உடனே பதில் வரவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சியே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மனத்துக்கும் உடலுக்கும் தொடர்பு உண்டு என்பது மூடநம்பிக்கையன்று. நம் தாய்மொழியே அதற்குச் சாட்சி. அச்சத்தில் வயிற்றில் புளி கரைகிறது. கவலையில் சோறு இறங்குவதில்லை. கோபத்தில் இரத்தம் கொதிக்கிறது. நல்ல சேதி கேட்டால் வயிற்றில் பால் வார்க்கிறது. இவற்றை நம் முன்னோர் கண்டறிந்தது ஆராய்ச்சிக் கூடத்தில் அல்ல, அடுப்படியிலும் வயற்காட்டிலும்.

இஸ்லாமிய உலகின் வைத்தியப் பேரறிஞர்களும் இதை ஆழ்ந்து ஆராய்ந்தார்கள். கி.பி. 934-ல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். உடல் நோயுற்றால் உள்ளமும், உள்ளம் நோயுற்றால் உடலும் வாடும் என்பது அவர் கருத்து. இப்னு ஸீனா (980–1037) ஓர் எளிய உதாரணம் காட்டினார். தரையில் கிடக்கும் பலகைமீது எவரும் தயங்காமல் நடந்து போவார். அதே பலகையை ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே போட்டால் அதே மனிதரின் கால் நடுங்கும், தவழ்ந்து போவதே கடினமாகும். பலகை மாறவில்லை, கால் மாறவில்லை, எண்ணம்தான் மாறியது. காதல் நோயில் வாடுபவரிடம் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, எந்தப் பெயருக்கு நாடி துடிக்கிறது என்று பார்த்து அன்புக்குரியவரைக் கண்டுபிடிக்கலாம் என்றும் அவர் தம் வைத்திய நூலில் எழுதினார்.

அவர் நாடியில் உணர்ந்ததை இற்றைய விஞ்ஞானம் மூளை வரை பின்தொடர்ந்து சென்றிருக்கிறது. அச்சமோ கோபமோ எழும்போது மூளையின் அடிப்பகுதியிலிருந்து கட்டளை பிறக்கிறது; சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்ற நீரைச் சுரக்கின்றன; இதயம் விரைகிறது, செரிமானம் நிற்கிறது. வால்டர் கேனன் என்ற அமெரிக்க அறிஞர் இதை 1915-ல் ஒரு நூலாகவே எழுதினார். அச்சம் தீர்ந்தால் எல்லாம் தணிந்துவிடும். ஆனால் துக்கமும் கவலையும் மாதக்கணக்கில் நீடித்தால் உடல் ஓய்வறியாத காவல்காரனைப் போல் ஆகிவிடுகிறது. 1995-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பாருங்கள். நினைவு தப்பிய உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களையும், அத்தகைய சுமை இல்லாத 13 பெண்களையும் எடுத்துக்கொண்டு, எல்லோர் கையிலும் ஒரே அளவில் சிறு காயம் செய்து கவனித்தார்கள். கவலையற்றவர்களின் காயம் சராசரி 39 நாட்களில் ஆறியது. கவலை சுமந்தவர்களுக்கு ஏறக்குறைய 49 நாட்கள் பிடித்தன.

இழுப்பு நோய்க்கு இன்னும் நெருக்கமான ஒரு சான்று உண்டு. ரோஜாப்பூ பட்டால் மூச்சுத் திணறும் ஒரு பெண்மணியிடம், மெக்கென்ஸி என்ற அமெரிக்க வைத்தியர் செயற்கை ரோஜா ஒன்றை நீட்டினார். மகரந்தம் அணுவளவும் இல்லாத அந்தப் பூவைக் கண்டே அவருக்கு நோய் கிளம்பிவிட்டது. 1886-ல் அவர் இதை எழுதி வெளியிட்டார். ஆகவே கணவரை இழந்த துக்கத்தில் நம் உம்மாவின் இழுப்பு அதிகமாயிற்று என்றால், அதைக் கற்பனை என்று தள்ளுவது அறியாமை. துக்கம் நெஞ்சில் இருந்தது, நெஞ்சு இறுகியது.

சரி, உணர்ச்சி உடலைத் தொடுகிறது என்பது உண்மையானால், கையிலிருந்து சக்தி பாய்கிறது என்பதும் உண்மைதானா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். முதல் உண்மையின் குதிரைமீது இரண்டாவது கூற்று ஓசியில் ஏறிக்கொண்டு வருகிறது.

இந்தக் கூற்று புதியதன்று. ஜப்பானில் மிக்காவோ உசுயி என்பவர் 1922-ல் தொடங்கிய ரெய்க்கி முறைக்கு வெகு காலம் முன்பே, பாரிஸ் நகரில் மெஸ்மர் என்ற வைத்தியர், உயிர்களிடம் ஓடும் ஒரு காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொல்லிப் பெரும் கூட்டத்தைக் கூட்டினார். பிரெஞ்சு மன்னர் 1784-ல் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும், வேதியியல் மேதை லவாசியேயும் அதில் இருந்தார்கள். ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மெஸ்மரின் சீடர் காந்த சக்தி ஏற்றினார். பிறகு 12 வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துப்போனார்கள். நான்காவது மரத்தடியில் சிறுவன் மயங்கி விழுந்தான். ஆனால் சக்தி ஏற்றிய மரம் அதுவன்று; அது தள்ளி நின்றது! சிறுவன் நடிக்கவில்லை. அவன் மயக்கம் மெய். மயக்கத்தின் காரணம் மரத்தில் இல்லை, எதிர்பார்ப்பில் இருந்தது. குழுவின் முடிவும் அதுவே.

மற்றொன்று நம் காலத்தது. எமிலி ரோஸா என்ற அமெரிக்கச் சிறுமி தன் பள்ளிக்கூட வேலைக்காக ஒரு சோதனை செய்தாள். மனித உடலைச் சுற்றியுள்ள சக்தியைக் கையால் உணர்வதாகச் சொன்ன 21 பேரை உட்காரவைத்தாள். இடையே ஒரு தடுப்பு. அவர்கள் இரு கைகளையும் தடுப்பின் வழியே நீட்ட, அவள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று சொல்ல வேண்டும். 280 முயற்சிகளில் அவர்கள் சரியாகச் சொன்னது 123 முறை. அதாவது நூற்றுக்கு 44. குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் அச்சோதனை வெளிவந்தபோது அவளுக்கு வயது 11.

அப்படியானால் உம்மாவுக்குக் கிடைத்த சுகம் என்ன? அதுவும் பொய்தானா? இல்லை.

1978-ல் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று ஆராய்ச்சியாளர்கள், பல் பிடுங்கிய நோயாளிகளின் வலியை ஆராய்ந்தார்கள். மருந்தே இல்லாத ஊசியைப் போட்டபோதும் சிலருக்கு வலி குறைந்தது. அபினியின் வேலையைத் தடுக்கும் ஒரு மருந்தைப் பின்னர் செலுத்தியதும், அவர்களுக்கு வலி கூடியது. இதன் பொருள் என்ன? மருந்து கிடைத்தது என்று நம்பியபோது, அபினி போன்றதொரு பொருளை மூளை தானே சுரந்து வலியைத் தணித்திருக்கிறது. ஆறுதல் வெறும் வார்த்தையன்று. அதற்கு உடலில் ஒரு வேலை உண்டு.

ஆனால் அந்த வேலைக்கு ஓர் எல்லையும் உண்டு. அந்த எல்லையை 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி கோடு போட்டுக் காட்டியது. அதுவும் இழுப்பு நோயாளிகளைப் பற்றியதே. 39 பேருக்கு வெவ்வேறு நாட்களில் உண்மையான மூச்சு மருந்து, மருந்தில்லாத போலிக் குப்பி, போலி அக்குபங்சர் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். சில நாட்களில் ஒன்றுமே கொடுக்கவில்லை. எவ்வளவு சுகம் என்று கேட்டபோது, உண்மை மருந்துக்கு 50 சதவீதம் குணம் என்றார்கள். போலிகளுக்கு 45, 46 சதவீதம். ஒன்றும் கொடுக்காத நாளில் 21. ஆக, உணர்வளவில் மெய்யும் போலியும் ஏறக்குறைய ஒன்றே! ஆனால் நுரையீரல் எவ்வளவு காற்றை வெளியேற்றுகிறது என்று கருவி கொண்டு அளந்தபோது, உண்மை மருந்து 20 சதவீதம் உயர்த்தியது. மற்ற மூன்றும் தந்தது 7 சதவீதமே.

சகோதரர்களே, உம்மாவின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. துன்பம் வேறு, நோய் வேறு. கை துன்பத்தைத் தொட்டது. நோயை அது தொடவில்லை. நெஞ்சு லேசானது மெய். மூச்சுக்குழல் இறுகியே இருந்ததும் மெய். லேசான நெஞ்சை நம்பி மருந்தை அலமாரியில் வைத்த இடத்தில்தான் ஆபத்து உள்ளே நுழைந்தது.

இனி அறத்தின் கேள்விக்கு வருவோம். "பொய்யே ஆனாலும் துன்பம் தணிந்ததல்லவா? நன்மை தரும் பொய்யைச் சொன்னால் என்ன குற்றம்?" என்று நம் அன்பர் ஒருவர் வாதிட்டார். இலேசாகத் தள்ளக்கூடிய வாதமன்று இது. இதற்கு நாம் சொல்லும் பதில் மூன்று.

ஒன்று, ஆறுதலுக்குப் பொய் தேவையில்லை. 2010-ல் ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர் டெட் கேப்சக்கும் அவர் குழுவினரும், தீராத குடல் உபாதையுள்ள நோயாளிகளிடம், "இதில் மருந்து எதுவும் இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். அன்பாகப் பேசினார்கள், விளக்கமும் சொன்னார்கள். மாத்திரை பெறாதவர்களைவிட இவர்களுக்கு உபாதை குறைந்தது. உண்மையோடும் ஆறுதல் வாழும்.

இரண்டு, பொய்யான வைத்தியம் பணத்தை மட்டும் கொண்டுபோவதில்லை, நேரத்தையும் கொண்டுபோகிறது. பணத்தை மறுபடி சம்பாதிக்கலாம். முற்றிய நோய்க்கு முந்திய மாதத்தைத் திருப்பித் தர எவராலும் முடியாது.

மூன்றாவது நம்மை மிகவும் வருத்தியது. உம்மா மருத்துவமனையில் இருக்கும்போது அந்தச் சக்தி வைத்தியரோடு தொலைபேசியில் பேசினோம். "அந்த அம்மாவுக்கு நம்பிக்கை போதவில்லை" என்றார். குணமானால் அவருடைய சக்தி. குணமாகாவிட்டால் நோயாளியின் குறை! பிணியோடு கிடப்பவர் தலையில் பழியையும் ஏற்றி வைக்கும் வைத்தியம் இது. எந்தக் கணக்கிலும் தோற்காதபடி ஒருவர் தராசு பிடித்தால், அந்தத் தராசில் நியாயம் இல்லை என்று பொருள்.

பிறரைச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் நாம் நேர்மையானவர்கள் அல்லர். நம் வீட்டிலும் இந்தக் கதை உண்டு. ஓதி ஊதிய தண்ணீர், தாயத்து, தர்காவில் தங்கவைத்தல் என்று நம்மவரும் மருந்தைத் தள்ளிவைத்ததுண்டு. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் கொண்டுவந்து விட்ட நோயாளிகளைத் தனியார் விடுதிகளில் சங்கிலியிட்டு வைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலையில் ஒரு விடுதியில் தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுப் போனவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோரும்தான். அன்பு இருந்தது, நம்பிக்கை இருந்தது, மருந்து இல்லை.

அதன் பின் வேறொரு வழியும் பிறந்தது. குஜராத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில், தர்காவின் பணியாளரும் மனநல மருத்துவரும் கைகோத்தார்கள். துஆவுக்கு வருபவரைத் துஆவோடு மருத்துவரிடமும் அனுப்பினார்கள். 'தவா – துஆ', அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்று அத்திட்டத்துக்குப் பெயர். ஏர்வாடியிலும் பின்னர் அவ்வழி பின்பற்றப்பட்டது.

இது புதுமையா? அபூதாவூதில் இடம்பெறும் ஓர் அறிவிப்பை ஆலிம்கள் வாயிலாக நாம் கேட்டிருக்கிறோம். ஸஃது (ரலி) அவர்கள் நோயுற்றுக் கிடந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். அவருடைய மார்பின்மீது கையை வைத்தார்கள். அந்தக் கையின் குளிர்ச்சியை ஸஃது தம் உள்ளத்தில் உணர்ந்தார்கள். அதோடு நிற்கவில்லை. தகீஃப் குலத்து வைத்தியர் ஹாரித் பின் கலதாவிடம் செல்லுமாறும் கூறினார்கள். கையும் வைத்தார்கள், வைத்தியரிடமும் அனுப்பினார்கள். கைக்குக் கூலி வாங்கவில்லை. தம் கை போதும், வைத்தியர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதைவிடத் தெளிவான வழிகாட்டல் நமக்கு வேறு எதற்கு?

இந்நாட்டுச் சட்டமும் இவ்வகையில் கண்மூடி இருக்கவில்லை. ஆஸ்துமா, நீரிழிவு, புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. பாரம்பரிய வைத்தியங்களை ஒழுங்குபடுத்த 2016-ல் தனிச் சட்டமும் வந்தது. இஸ்லாமிய வைத்திய முறையும் அதன் கீழ் வருகிறது. நாம் பலகையில் ஒட்டிய அந்தத் துண்டுப்பிரசுரத்தை ஒட்டுமுன் ஒரு முறை படித்திருந்தால் போதும். படிக்காமல் ஒட்டியது நம் தவறு.

ஆனால் இதைவிடப் பெரிய தவறு ஒன்று நம்மிடம் உண்டு. சொல்லியே ஆக வேண்டும்.

உம்மா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின், அந்த அமர்வுகளில் அப்படி என்னதான் நடந்தது என்று கேட்டோம். "ஒண்ணும் இல்ல தம்பி. என் பக்கத்துல அரை மணி நேரம் உக்காந்தாரு. எங்க வலிக்குதுன்னு கேட்டாரு. அத்தா மௌத்தான பிறகு என்கிட்ட யாரும் அவ்வளவு நேரம் உக்காரல" என்றார்.

அவர் 'அத்தா' என்றது பிள்ளைகளின் அத்தாவை, தம் கணவரை. மூன்றாம் நாள் ஓதினோம், நாற்பதாம் நாள் சோறு ஆக்கினோம், கலைந்தோம். நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிமின்மேல் உள்ள உரிமை என்று மேடைதோறும் பேசுகிறோம். 1929-ல் போ தோட்டம் தோன்றிய காலந்தொட்டு இந்த மலையின் தேயிலையைப் பறித்தவை உம்மாவினுடையதைப் போன்ற கைகள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார நம்மில் ஒருவருக்கும் நேரம் இல்லை. நாம் இனாமாகக் கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்காமல் விட்டோம். வெளியூரார் ஒருவர் அதைக் காசுக்கு விற்றார். அவரைக் குறை சொல்லுமுன் நம் கணக்கைப் பார்க்க வேண்டாமா?

ஆகவே நம் எண்ணம் இது. நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்யும் எவருக்கும் இனி நம் மண்டபம் இல்லை. அவர் எந்த மதத்தவராயினும், எந்த வேதத்தை ஓதினாலும் சரியே. துஆ கேட்டு வருபவரிடம் துஆவோடு, "மருந்தை எடுத்தீர்களா?" என்ற கேள்வியையும் கேட்போம். அதோடு, தோட்டத்தில் நோயாளிகளும் தனித்திருக்கும் முதியவர்களும் உள்ள வீடுகளுக்கு, வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஆண்கள் இருவராகவும் பெண்கள் இருவராகவும் முறை வைத்துப் போவோம். கையில் பழம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அரை மணி நேரம் இருந்தால் போதும்.

சென்ற வெள்ளியன்று உம்மா வீட்டுக்குப் போனோம். தேநீர் கொடுத்தார். ஜன்னலோரத்தில், கண்ணில் படும் இடத்தில், பம்ப் இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, அன்னிக்கு உங்களுக்குக் கிடைச்ச சுகம் பொய் இல்லை. ஆனா அது மருந்தும் இல்லை" என்றோம். சிறிது நேரம் யோசித்தார். "அப்ப ரெண்டும் வேணும்னு சொல்லு" என்றார்.

நாம் இத்தனை பக்கம் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். வல்ல நாயன் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நமக்கு அவர்கள் அருகில் அமரும் மனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.